240இலிருந்து 1 டி.பி.க்கு மாறியும் சி டிரைவ் ஏன் வளரவில்லை?

தேவிபட்டினத்தில் சிறிய புகைப்பட ஸ்டுடியோ நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். கடைக் கணினியில் இருந்த 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. கல்யாணப் படங்களால் நிரம்பிவிட்டது. ராமநாதபுரம் டவுனில் 1 டி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்கி, இலவச மென்பொருள் ஒன்றைக் கொண்டு பழையதை அப்படியே புதியதில் குளோன் செய்திருக்கிறார். கணினி நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் சி டிரைவ் இன்னமும் 222 ஜி.பி. சொச்சம் என்றே காட்டுகிறது. சிவப்புப் பட்டையும் போகவில்லை. டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்தால் கடைசியில் 707 ஜி.பி. கறுப்புப் பட்டையோடு சும்மா கிடக்கிறது. சி டிரைவை வலது சொடுக்கினால் ‘எக்ஸ்டெண்ட் வால்யூம்’ மங்கிப்போய்க் கிடக்கிறது, அழுத்த முடியவில்லை. கணினிக் கடைக்காரர் ஒருவர், “எல்லாவற்றையும் ஃபார்மட் செய்து புதிதாக விண்டோஸ் போட்டால்தான் இடம் வரும்” என்றாராம். கூடவே இன்னொரு சந்தேகம்: 1 டி.பி. என்று விற்றதை விண்டோஸ் 931 ஜி.பி. என்கிறதே, ஏமாந்துவிட்டேனா?

தம்பி, ஃபார்மட் வேண்டாம். ஒரு மணி நேர வேலை இது. அந்த 707 ஜி.பி. உங்கள் டிஸ்க்கில் பத்திரமாகவே இருக்கிறது. சி டிரைவுக்கும் அதற்கும் நடுவில் அரை ஜி.பி. அளவில் சின்னப் பாகம் ஒன்று குறுக்கே உட்கார்ந்திருக்கிறது. அதை எழுப்பித் தள்ளி உட்கார வைத்தால் வழி கிடைத்துவிடும். எதைத் தொடுகிறோம் என்று தெரிந்து செய்தால் பயமும் இருக்காது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

டிஸ்க்கின் நீளத்தைக் கணினி செக்டர் கணக்கில்தான் அளக்கிறது. ஒரு செக்டர் 512 பைட். 240 ஜி.பி. டிஸ்க்கில் வழக்கமாக 46,88,62,128 செக்டர்கள் இருக்கும், 1 டி.பி. டிஸ்க்கில் 1,95,35,25,168. டிஸ்க்கின் தொடக்கத்தில் பார்ட்டிஷன் அட்டவணை ஒன்று உண்டு. பாகப்பிரிவினைப் பத்திரம் மாதிரிதான் அது: முதல் பாகம் இந்த செக்டரில் தொடங்கி இந்த செக்டரில் முடிகிறது, அடுத்தது இங்கிருந்து அங்கே என்று எல்லைகளை எழுதி வைத்திருக்கும். குளோன் மென்பொருள் உங்கள் கோப்புகளோடு இந்தப் பத்திரத்தையும் எழுத்துப் பிசகாமல் நகலெடுத்துவிட்டது. மனை நாலு மடங்கு பெரிதாகியும் பத்திரத்தில் பழைய எல்லைகளே இருக்கின்றன. உங்கள் ஊர் நவபாஷாணத்தைப் பாருங்கள். கடல் ஏறினாலும் வற்றினாலும் ஒன்பது கற்களும் நட்ட இடத்திலேயே நிற்கின்றன அல்லவா? அதே மாதிரி, டிஸ்க் பெரிதானது அந்த எல்லைக்கற்களுக்குத் தெரியாது. அவற்றுக்கு அப்பால் இருக்கும் சுமார் 148 கோடி செக்டர்கள்தான் நீங்கள் பார்க்கும் கறுப்புப் பட்டை.

சில குளோன் மென்பொருள்கள் நகலெடுக்கும்போதே கடைசி பாகத்தை நீட்டட்டுமா என்று கேட்கும். உங்களுடையது கேட்கவில்லை, அல்லது கேட்டதை நீங்கள் கவனிக்காமல் ‘நெக்ஸ்ட்’ அழுத்தியிருக்கலாம். நானும் அழுத்தியிருக்கிறேன்.

அடுத்து, பொத்தான் ஏன் மங்கிக் கிடக்கிறது என்பது. டிஸ்க் மேனேஜ்மென்டில் உங்கள் டிஸ்க்கை இடமிருந்து வலமாகப் படியுங்கள். முதலில் 100 எம்.பி. அளவில் ஈ.எஃப்.ஐ. பாகம், கணினி எழும்போது தேடிப் போவது அதைத்தான். பிறகு சி. அதற்குப் பின்னால் 500 எம்.பி. சொச்சத்தில் ‘ரெகவரி பார்ட்டிஷன்’, விண்டோஸ் கெட்டால் சரிசெய்யும் மீட்புக் கருவிகள் இருக்கும் பாகம். அதையும் தாண்டித்தான் காலியிடம். விண்டோஸுக்கு ஒரு பாகத்தை வலப்பக்கமாக, தொட்டடுத்த காலியிடத்துக்குள் மட்டுமே நீட்டத் தெரியும். நடுவில் அரை ஜி.பி. இருந்தாலும் சரி, அரை எம்.பி. இருந்தாலும் சரி, தாண்டாது. வீட்டுக்குப் பின்னால் காலி மனை கிடக்கிறது, நடுவில் ஒரு சென்ட் கோயில் நிலம் இருக்கிறது, சுவரை எப்படி நீட்டுவது? அந்த நிலைமைதான்.

இந்தக் கோயில் நிலம் அங்கே வந்ததும் தற்செயலாக இல்லை. பழைய விண்டோஸ் 10 நிறுவல்களில் ரெகவரி பாகம் டிஸ்க்கின் தொடக்கத்திலேயே இருந்தது. 2020இல் வந்த 2004 என்ற பதிப்பிலிருந்து அதை சி-க்குப் பின்னால் வைக்கத் தொடங்கினார்கள். பிற்காலத்தில் ரெகவரிக்கு இன்னும் இடம் தேவைப்பட்டால் சி-யின் வாலில் கொஞ்சம் வெட்டி எடுத்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. விண்டோஸுக்கு அது வசதி. குளோன் செய்கிறவருக்குத் தலைவலி.

931 விஷயத்தைச் சட்டென்று முடித்துவிடலாம். பூக்காரம்மாவின் முழமும் நம் முழமும் ஒன்றா? டிஸ்க் செய்கிறவர்கள் 1000 எம்.பி. ஒரு ஜி.பி. என்று அளக்கிறார்கள். விண்டோஸ் 1024 எம்.பி.யை ஒரு ஜி.பி. என்கிறது. ஒவ்வொரு படியிலும் அந்த 24 சேர்ந்துகொண்டே போய், லட்சம் கோடி பைட் உள்ள டிஸ்க் விண்டோஸ் கணக்கில் 931 ஜி.பி. ஆகிவிடுகிறது. உங்கள் பழைய 240 ஜி.பி. டிஸ்க்கும் 223 என்றுதான் காட்டியிருக்கும். அப்போது யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டீர்கள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை.

ஆனால் ஏமாற்று வேறொரு இடத்தில் இருக்கலாம். டிஸ்க்கை நம்பகமான கடையில் பில்லோடு வாங்கியிருந்தால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். நம்ப முடியாத விலைக்குக் கிடைத்ததென்றால் படியுங்கள். உள்ளே சின்ன நினைவகத்தை வைத்துவிட்டு, கணினியிடம் மட்டும் பெரிய அளவைச் சொல்லும்படி மாற்றிய போலி டிஸ்க்குகள் சந்தையில் உண்டு. அவற்றில் கொஞ்சம் எழுதும்வரை எல்லாம் ஒழுங்காக இருக்கும். உண்மையான கொள்ளளவைத் தாண்டி எழுதும்போதுதான் கோப்புகள் கெடும். உங்கள் விஷயத்தில் குளோன் எழுதியது முதல் 223 ஜி.பி.யில் மட்டும்; மீதி 707 ஜி.பி.யில் இதுவரை ஒரு பைட்கூட எழுதிப் பார்க்கவில்லை. எனவே எதையும் நகர்த்துவதற்கு முன், அந்தக் கறுப்புப் பட்டையை வலது சொடுக்கி ‘நியூ சிம்பிள் வால்யூம்’ கொடுத்து, தற்காலிகமாக இசட் என்று எழுத்திட்டு, ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’ என்ற சிறிய இலவச மென்பொருளை அதில் ஓட விடுங்கள். இடம் முழுவதும் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். மணிக்கணக்கில் ஓடும், ஓடட்டும். பிழையில்லை என்று வந்தால், அந்த இசட் பாகத்தை மட்டும் நீக்கி மறுபடி காலியிடமாக்கிவிடுங்கள். கல்யாண ஆல்பத்தின் பாதிப் படங்கள் திறக்கவில்லை என்று பெண் வீட்டாரிடம் சொல்வதைவிட இந்தச் சோதனை சுலபம்.

இனி ஏற்பாடுகள். பழைய 240 ஜி.பி. டிஸ்க்கை என்ன செய்தீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. அழித்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். கழற்றித் துணியில் சுற்றிப் பீரோவில் வையுங்கள். இரண்டையும் ஒரே கணினியில் மாட்டி வைக்காதீர்கள். குளோன் என்பதால் டிஸ்க்கின் அடையாள எண்ணும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும்; ஒரே ரேஷன் கார்டை இரண்டு பேர் நீட்டினால் என்ன ஆகும்? விண்டோஸ் ஒன்றை ‘ஆஃப்லைன்’ என்று ஒதுக்கி வைக்கும். அதைக் கண்டு பதறி நீங்கள் ‘ஆன்லைன்’ ஆக்கினால், அதற்கு வேறு அடையாள எண் எழுதப்படும். பிறகு அந்த டிஸ்க்கிலிருந்து கணினி எழாமல் போகலாம். எது பழையது எது புதியது என்ற குழப்பத்தில் தவறான டிஸ்க்கில் கை வைப்பதற்கும் இது நேரான வழி.

நான் ஏன் பழைய டிஸ்க்கைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன் என்றால், அதுதான் ஒருமுறை என் மானத்தைக் காப்பாற்றியது. மண்டபத்தில் எங்களுக்கு வேண்டியவர் ஒருவரின் ஐஸ் பேக்டரிக் கணக்கு வைத்திருந்த கணினி. அதில் சி-க்குப் பின்னால் டி, அதற்குப் பின்னால் காலியிடம். டி-யை வலப்பக்கம் நகர்த்தினால் சி-யை நீட்டலாம் என்று நகர்த்த விட்டேன். நகர்த்துவது என்றால் டி-யில் இருக்கும் 300 ஜி.பி. அத்தனையையும் ஒவ்வொன்றாக எடுத்துப் புது இடத்தில் வைப்பது என்று அர்த்தம். சுழலும் ஹார்ட் டிஸ்க் வேறு. ஆடி மாதம், கச்சான் காற்று ஆளைத் தூக்குகிறது. மதியம் மூன்று மணிக்கு மின்சாரம் போயிற்று. யு.பி.எஸ். இருக்கிறதே என்று திரும்பிப் பார்த்தேன். அது ஒரு முறை கீச்சென்று கத்திவிட்டு அணைந்தது. பேட்டரி செத்து எத்தனை மாதமோ. பாதி பழைய இடத்திலும் பாதி புதிய இடத்திலுமாக டி நின்றது, எந்தப் பக்கத்திலிருந்தும் திறக்கவில்லை. ஒரு சீசன் கணக்கு. பழைய டிஸ்க் என் மேசை டிராயரில் இருந்ததால் மறுநாள் மறுபடி குளோன் செய்து கொடுத்தேன். அந்த வீட்டில் இன்றைக்கும் எனக்குச் சாயா கொடுப்பதற்கு அந்த டிராயர்தான் காரணம்.

ஆகவே யு.பி.எஸ்.ஸைச் சோதித்துவிட்டுத் தொடங்குங்கள். சோதிப்பது என்றால் கணினியை ஓட விட்டு, சுவர் சுவிட்சை அணைத்துப் பத்து நிமிடம் தாங்குகிறதா என்று பார்ப்பது. உங்கள் தொழிலில் ஆடியில் முகூர்த்தம் குறைவு, கை ஓய்வாக இருக்கும், அப்போது செய்யலாம் என்று தோன்றும். மின்சாரம் அதிகம் போவதும் அப்போதுதான்.

இன்னொரு ஏற்பாடு, என்கிரிப்ஷன், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி டிஸ்க்கைப் பூட்டி வைப்பது. செட்டிங்ஸில் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ அல்லது ‘பிட்லாக்கர்’ என்று தேடிப் பாருங்கள். இயக்கத்தில் இருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியை முதலில் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் இது தானாகவே இயக்கத்தில் இருக்கும், சொந்தக்காரருக்கே தெரியாது. யு.எஸ்.பி.யிலிருந்து எழுப்பிவிட்டு மறுபடி விண்டோஸுக்குப் போகும்போது அந்தச் சாவியைக் கேட்டால், அப்போது தேடத் தொடங்குவது பெரும் பாடு.

இப்போது முறை. யூடியூபில் பலரும் காட்டுவது வேறு: ‘டிஸ்க்பார்ட்’ என்ற கட்டளைக் கருவியைத் திறந்து ரெகவரி பாகத்தை வலுக்கட்டாயமாக அழித்துவிட்டு சி-யை நீட்டுவது. அப்படிச் செய்தாலும் உலகம் இடிந்துவிடாது; மீட்புக் கருவிகளை விண்டோஸ் சி-க்குள்ளேயே வைத்துக்கொள்ள முடியும். ஆனால் சி கெட்டுப்போகும் நாளில்தான் மீட்புக் கருவி வேண்டும், அது சி-க்குள்ளேயே இருந்தால் என்ன பயன்? அதைவிட எனக்குப் பயம், டிஸ்க்பார்ட்டில் பாகங்களை எண்ணால்தான் குறிப்பிட வேண்டும். 4 என்று அடிப்பதற்கு 1 என்று அடித்தால் போவது ஈ.எஃப்.ஐ. பாகம், மறுநாள் கணினி எழாது. கண்ணால் பார்த்துச் செய்கிற வழி இருக்கும்போது எண்ணைப் பார்த்து ஏன் வெட்ட வேண்டும்?

நான் சொல்லும் வழியில் ரெகவரி பாகத்தை ‘ஜிபார்ட்டட்’ என்ற, பென்டிரைவிலிருந்து ஓடும் பாகப்பிரிப்பு மென்பொருளைக் கொண்டு நகர்த்துகிறோம். சி-யை அதில் தொடுவதே இல்லை. சி-யை நீட்டுவதை விண்டோஸிடமே விட்டுவிடுகிறோம். நகர்வது அரை ஜி.பி. என்பதால் ஒன்றிரண்டு நிமிடத்தில் முடியும், ஐஸ் பேக்டரிக் கதை நடக்க நேரமே இருக்காது. சி என்கிரிப்ட் ஆகியிருந்தாலும் இந்த வழி செல்லும். ஜிபார்ட்டட் அந்த மாதிரி சி-யை நீட்ட மறுத்துவிடும், விண்டோஸ் மறுக்காது.

அதற்கு முன் ஒரு முடிவு எடுக்க வேண்டும்: 707 ஜி.பி.யையும் சி-க்கே கொடுப்பதா? என்னைக் கேட்டால் வேண்டாம். சி-யை 400 ஜி.பி. அளவுக்கு வளர்த்துவிட்டு மீதியை டி என்று தனியாக்கி, கல்யாணப் படங்களை அங்கே வையுங்கள். டிஸ்க்கே செத்தால் இரண்டும் சேர்ந்துதான் சாகும், அதற்கு வெளியில் தனி நகல்தான் மருந்து. ஆனால் நாளைக்கு விண்டோஸ் கெட்டு, நீங்கள் வெளியூரில் ஷூட்டிங்கில் இருக்கும்போது உதவியாளர் கணினியைக் கடைக்குத் தூக்கிப் போனால், “ஃபார்மட் செய்தால்தான் ஆகும்” என்கிறவர் அழிப்பது பெரும்பாலும் சி-யை மட்டுமே. டி பிழைத்துக்கொள்ளும். இதில் ஒரு குறை உண்டு. பின்னால் டி வந்து உட்கார்ந்துவிட்டால் சி-யை மறுபடி நீட்டுவது இன்னும் சிரமம். படத் திருத்த மென்பொருள்கள் தற்காலிகக் கோப்புகளை சி-யில்தான் குவிக்கும் என்பதையும் சேர்த்தே 400 என்று சொன்னேன். தாராளமாக வேண்டுமென்றால் 500 வையுங்கள்.

முதலில் விண்டோஸில், கமாண்ட் பிராம்ப்ட்டை நிர்வாகி உரிமையோடு திறந்து, ‘ரீஏஜென்ட்சி’ என்ற கட்டளையைக் கொடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் ‘ரீ’, ‘ஏஜென்ட்’ இரண்டையும் ஒட்டி எழுதி, கடைசியில் ‘சி’ என்ற எழுத்தைச் சேர்த்தால் அந்தச் சொல் வரும். அதன்பின் இடைவெளி விட்டு, ஒரு சாய்கோடு போட்டு, ‘டிஸேபிள்’. இது மீட்புக் கருவியை ரெகவரி பாகத்திலிருந்து எடுத்து சி-க்குள் தற்காலிகமாக வைக்கும். இதைச் செய்யாமல் நகர்த்தினால், மீட்புக் கருவி எந்த இடத்தில் இருக்கிறது என்று விண்டோஸ் குறித்து வைத்திருக்கும் பழைய முகவரி பொய்யாகிவிடும். வீடு மாறியவர் தபால்காரரிடம் சொல்லிவிட்டுப் போவதில்லையா? அது.

பிறகு ஜிபார்ட்டட் லைவ் என்ற இலவச ஐ.எஸ்.ஓ. கோப்பை இறக்கி, ‘ரூஃபஸ்’ என்ற மென்பொருளைக் கொண்டு ஒரு பென்டிரைவில் ஏற்றுங்கள். பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழியும், ஜாக்கிரதை. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். சாதாரணமாக அணைத்தால் விண்டோஸ் அரைத் தூக்கத்தில்தான் இருக்கும். ஷிஃப்ட் அழுத்தினால் முழுதாக அணையும். பென்டிரைவிலிருந்து கணினியை எழுப்புங்கள். எழவில்லையென்றால் கணினியின் தொடக்க அமைப்புத் திரையான பயாஸில் ‘செக்யூர் பூட்’டைத் தற்காலிகமாக அணைத்துவிட்டு முயலுங்கள், ஆனால் பிட்லாக்கர் இருந்தால் அந்த 48 இலக்கச் சாவி கையில் இருக்கட்டும்.

ஜிபார்ட்டட் திறந்ததும் வலது மேல்மூலையில் 931.51 என்று அளவு காட்டும் டிஸ்க்கைத் தேர்ந்தெடுங்கள். இந்த இடத்தில் சிலருக்கு ஓர் எச்சரிக்கை வரும்: டிஸ்க்கின் இடம் முழுவதும் பயன்படுத்தப்படவில்லை, சரிசெய்யவா என்று. பயப்பட வேண்டாம். ஜி.பி.டி. என்ற புதிய வகைப் பாகப்பிரிவினைப் பத்திரம் உள்ள டிஸ்க்குகளில் அதற்கு இரண்டாவது பிரதி ஒன்று டிஸ்க்கின் கடைசியில் இருக்க வேண்டும். செக்டர் செக்டராகக் குளோன் செய்தால் அந்தப் பிரதி பழைய டிஸ்க்கின் கடைசி எங்கே இருந்ததோ அங்கேயே, அதாவது புதிய டிஸ்க்கின் நடுவில் விழுந்திருக்கும். ‘ஃபிக்ஸ்’ கொடுத்தால் அதை உண்மையான கடைசிக்குக் கொண்டுபோய் வைக்கும்.

ரெகவரி பாகத்தை வலது சொடுக்கி ‘ரீசைஸ்/மூவ்’ தேர்ந்தெடுங்கள். மூன்று பெட்டிகள் வரும். முன்னால் விட வேண்டிய காலியிடம் என்ற பெட்டியில் 184320 என்று இடுங்கள், 180 ஜி.பி.யை எம்.பி.யில் சொன்னால் அதுதான். அந்த 180, உங்கள் 222ஓடு சேர்ந்து 400ஐத் தாண்டும். அளவு என்ற பெட்டியில் 1024 இடுங்கள். ரெகவரியை ஏன் ஒரு ஜி.பி. ஆக்கச் சொல்கிறேன் என்றால், 2024 ஜனவரியில் வந்த கே.பி.5034441 என்ற விண்டோஸ் 10 அப்டேட், ரெகவரி பாகத்தில் 250 எம்.பி. காலியிடம் இல்லாத கணினிகளில் ஏறாமல் 80070643 என்று முடியும் பிழை எண்ணைக் காட்டிக்கொண்டே இருந்தது. அந்தச் சமயத்தில் எத்தனை பேர் அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்கள் என்று கணக்கில்லை. கை வைக்கும்போதே பெரிதாக்கிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. ‘அப்ளை’ கொடுத்துவிட்டு, முடியும்வரை விசைப்பலகையில் கை வைக்காதீர்கள்.

விண்டோஸுக்குத் திரும்பி டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்தால், சி-க்கு ஒட்டினாற்போல் 180 ஜி.பி. காலியிடம் நிற்கும். ‘எக்ஸ்டெண்ட் வால்யூம்’ இப்போது மங்கியிருக்காது. அழுத்தி, கேட்பதற்கெல்லாம் ‘நெக்ஸ்ட்’ கொடுத்தால் சில விநாடிகளில் சி 400 ஜி.பி.யைத் தாண்டிவிடும். ரெகவரிக்குப் பின்னால் மிஞ்சும் சுமார் 527 ஜி.பி.யில் ‘நியூ சிம்பிள் வால்யூம்’ கொடுத்து டி உருவாக்குங்கள். கடைசியாக, முன்பு கொடுத்த அதே கட்டளையில் ‘டிஸேபிள்’ இருந்த இடத்தில் ‘எனேபிள்’ இடுங்கள். பிறகு ‘இன்ஃபோ’ இட்டுப் பார்த்தால் ‘எனேபிள்ட்’ என்று காட்ட வேண்டும். இந்தக் கடைசி அடியை மறந்துவிடுபவர்கள்தான் அதிகம், சி வளர்ந்த சந்தோஷத்தில்.

சி-யை நீட்டவே வேண்டாம், படம் வைக்க இடம் கிடைத்தால் போதும் என்றால் இவ்வளவும் தேவையில்லை. கறுப்புப் பட்டையில் நேரடியாக டி உருவாக்கினால் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. ஆனால் உங்கள் சி சிவப்பில் இருக்கிறது. சி-யில் இடம் நெருக்கினால் விண்டோஸ் அப்டேட்டும் நிற்கும், படத் திருத்தமும் நொண்டும்.

இதைப் படிக்கும் வேறு சிலருக்கும் சேர்த்து இரண்டு வார்த்தை. பழைய கணினிகளில் டிஸ்க்கின் பத்திரம் எம்.பி.ஆர். என்ற பழைய வகையாக இருக்கலாம். அந்தப் பத்திரத்தில் செக்டர் எண் எழுத 32 பிட் இடமே உண்டு என்பதால் 2048 ஜி.பி.க்கு மேல் எல்லை எழுதவே முடியாது. 4 டி.பி. டிஸ்க்குக்குக் குளோன் செய்தவர்கள் 2048 ஒரு துண்டாகவும், எந்தப் பொத்தானுக்கும் அசையாத 1678 இன்னொரு துண்டாகவும் நிற்பதைப் பார்த்திருப்பார்கள். அதற்கு ஜி.பி.டி. வகைக்கு மாற்றுவதுதான் வழி. விண்டோஸ் 10இன் 1703 பதிப்பிலிருந்து அதற்கான ‘எம்பிஆர்2ஜிபிடி’ என்ற கருவி விண்டோஸிலேயே இருக்கிறது. மாற்றுவதற்கு முன் உங்கள் மதர்போர்டு யூ.ஈ.எஃப்.ஐ. என்ற புதிய தொடக்க முறையில் எழுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், எழாதென்றால் மாற்றிய டிஸ்க்கிலிருந்து கணினி எழாது.

அரசு கொடுத்த இலவச மடிக்கணினிகளில் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுகிறவர்கள் எங்கள் பக்கம் நிறைய. அந்தக் கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் இருக்கும். லினக்ஸ் வேண்டாம், அந்தப் பாகத்தை அழித்து சி-க்குக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். கணினி எழும்போது எது வேண்டும் என்று பட்டியல் காட்டுவது லினக்ஸின் ‘கிரப்’ என்றால், லினக்ஸ் பாகத்தை அழித்ததும் விண்டோஸும் சேர்ந்து எழாமல் போகும். முதலில் விண்டோஸ் தனியாக எழும்படி அதன் தொடக்கப் பதிவைச் சரிசெய்துவிட்டு அழிக்க வேண்டும்.

கடைசியாக நம் ஊர்க் காற்றைப் பற்றி. குளோன் ஓடும்போது பாதியில் நின்றதா, வேகம் சட்டென்று விழுந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படி ஏதேனும் நடந்திருந்தால் டிஸ்க்கைத் திட்டுவதற்கு முன் சாட்டா கேபிளைக் கழற்றிப் பாருங்கள். உப்புக் காற்றில் செம்பு களிம்பேறும்; பாம்பனிலிருந்து தொண்டிவரை கடலோரக் கடைகளில் கணினிக்கு வரும் நோய்களில் பாதிக்கு மேல் இந்தத் தொடர்புக் கோளாறுதான் என்பது என் அனுபவம். டிஸ்க் தன் உடல்நிலையைக் குறித்து வைக்கும் ‘ஸ்மார்ட்’ பட்டியலில், வழியில் தரவு கெட்டதைச் சொல்லும் சி.ஆர்.சி. பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் அநேகமாகக் கேபிள்தான் குற்றவாளி, நூறு இருநூறு ரூபாயில் புதியது போடலாம். களிம்பேறிய கேபிளோடு பாகத்தை நகர்த்தாதீர்கள். பழைய 240 ஜி.பி. டிஸ்க்கைச் சுற்றி வைக்கும் துணிக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், கேமரா பையில் வைத்திருப்பீர்களே, அதுதான். ஆவணி முகூர்த்தங்கள் முடிந்து, டி-யிலிருந்து இரண்டு மூன்று ஆல்பங்களை எடுத்துப் பார்த்து எல்லாம் சரியாகத் திறக்கிறது என்று உறுதியான பிறகு, அந்த 240ஐ அழித்து ஒரு யு.எஸ்.பி. பெட்டியில் போட்டுக்கொண்டால் ஷூட்டிங்குக்கு எடுத்துப் போக ஆகும்.